வசாய்க் கோட்டையில் ஒரு பகல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மேடையேறிப் பேசும் தகுதி எனக்கு உண்டென்று நான் ஒருநாளும் கருதியவனல்லன். தாராவியில் தமிழ்வழிப் பள்ளியொன்றில் பத்தாம் வகுப்போடு நின்றவன். இரயில்வேயில் கடைநிலை ஊழியனாகப் புகுந்து, துறைத் தேர்வெழுதி, இன்று பயணச்சீட்டு வழங்கும் எழுத்தனாக இருக்கின்றேன். நாள்தோறும் நூற்றுக்கணக்கான மக்களோடு பேசுகின்றேன் என்பது உண்மையே. ஆனால் அப்பேச்செல்லாம் 'எங்கே, எத்தனை, சில்லறை கொடுங்கள்' என்பதோடு முடிந்துவிடும். நம் செயலாளர் அவர்கள், 'கோட்டைக்குப் போய் வந்த கதையைச் சொன்னால் போதும்' என்று கட்டளையிட்டமையால் துணிந்து நிற்கின்றேன். குற்றங்குறை இருப்பின் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

சென்ற ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் நம் சங்கத்துக் குடும்பத்தினர் நாற்பத்திருவர் வசாய்க் கோட்டையைக் காணச் சென்றோம். அவ்வூரைப் போர்த்துக்கீசியர் 'பசாயிம்' என்றனர். ஆங்கிலேயர் 'பசீன்' என்றனர். மராத்தியர் 'வசயி' என்பர். தமிழில் 'வசை' என்று சொன்னால் பழிச்சொல்லாகிவிடுமாதலின் நான் வசாய் என்றே வழங்குகின்றேன்.

ஞாயிறன்று துறைமுகப் பாதையில் 'மெகா பிளாக்' உண்டென்பதை நெருள்வாசிகளாகிய உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. அதன் நுணுக்கங்களை அறிந்தவன் என்னும் ஒரே காரணத்தால் பயண ஏற்பாடு முழுவதும் என் தலையில் விழுந்தது. தண்டவாளப் பணி தொடங்குமுன் கடந்துவிட வேண்டுமென்று காலை ஐந்தே முக்காலுக்கே அனைவரையும் நெருள் நிலையத்தில் நிறுத்தினேன். வடாலாவில் மாறி அந்தேரி. அந்தேரியில் மாறி விரார் வண்டி. விரார் வண்டி என்றதும் சிலர் முகத்தில் அச்சம் தோன்றிற்று. விடுமுறை நாளின் விடியற்காலையாதலால் நாற்பத்திருவரும் அமர்ந்தே சென்றோம். 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் விராரிலிருந்து பம்பாய் பாக்பே வரை முதன்முதலாகப் புறநகர் வண்டி விட்டபோது, நாளொன்றுக்கு ஒரேயொரு வண்டிதான் ஓடிற்று. ஒற்றைக் காலூன்றி அப்பாதையில் இன்று பயணம் செய்வோர் இதனை நம்பமாட்டார்கள்.

பாயந்தர் கடந்ததும் உப்பங்கழி கடல்போல் விரிகின்றது. பாலத்தின்மேல் வண்டி செல்லும்போது குழந்தைகள் யாவரும் சன்னலுக்கு ஓடினர். அக்கழிக்கு வடகரையில், அது கடலோடு கலக்குமிடத்தில் இருப்பதே நாம் காணச் சென்ற கோட்டை. வசாய் ரோடு நிலையத்தில் இறங்கி, மேற்கே ஏழெட்டுக் கிலோமீட்டர் பேருந்தில் செல்லல் வேண்டும். வழியெல்லாம் வாழைத் தோட்டங்களும் சிற்றாலயங்களும் சிலுவைக் கம்பங்களும்.

கோட்டை என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது செஞ்சியோ வேலூரோ ஆகும். அரசன் இருப்பான், படை இருக்கும், மதில் காக்கும். வசாய் அவ்வகையினதன்று. அது மதிலுக்குள் கட்டப்பட்ட ஒரு முழு நகரம். மாதா கோயில்கள், மடங்கள், கல்லூரி, மருத்துவமனை, சிறைச்சாலை, பெருமக்களின் மாளிகைகள், கடைவீதி ஆகிய அனைத்தும் அதற்குள் இருந்தன. குஜராத்துச் சுல்தான் பகதூர் ஷா, முகலாயர் தம்மேல் படையெடுக்கும் அச்சத்தால், 1534ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி வசாயையும் அதனைச் சார்ந்த தீவுகளையும் போர்த்துக்கீசியருக்குக் கொடுத்துவிட்டார். அத்தீவுகளில் ஏழு, இன்றைய மும்பை. அக்காலத்தில் மும்பை வசாய்க்கு அடங்கிய சிற்றூர்த் தொகுதி என்பதை எண்ணிப் பாருங்கள்! 1661ஆம் ஆண்டில் போர்த்துக்கல் இளவரசி காதரைன் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸை மணப்பதற்குச் செய்த ஏற்பாட்டில் பம்பாய் சீதனமாகப் போயிற்று. அம்மன்னரோ 1668இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்கு அதனைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுவிட்டார். இன்று நெருளில் ஓர் அறைக்கு நாம் கொடுக்கும் வாடகையை நினைத்து நம்மவர் ஒருவர் பெருமூச்சு விட்டார்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அவ்வூர்க்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கத்தோலிக்கர். அவருடைய வீட்டுமொழி 'கடோடி' எனப்படும், மராத்தியைச் சார்ந்த ஒரு கிளைமொழி. அவர் எங்களிடம் மராத்தியில் பேசினார். நம் கூட்டத்து மூதாட்டியர்க்கு அம்மொழி அரைகுறை. ஆகவே எங்கள் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர் ஆயினர். என் மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. ஆசிரியர் ஒரு வாக்கியம் முடிக்குமுன் அதனைத் தமிழாக்கி என் தாயாரின் காதில் ஓதினாள். எனக்குப் பெருமையாகவே இருந்தது. அப்பெருமை நண்பகல் வரை நீடித்தது.

முதலில் நிலவாயில், பின்னர் கடல்வாயில். கடல்வாயிலின் பெருங்கதவுகளில் யானைகள் முட்டாவண்ணம் இரும்பு முட்கள் அறையப்பட்டுள்ளன. மதிலில் பத்துக் கொத்தளங்கள். ஒவ்வொன்றுக்கும் புனிதர் ஒருவர் பெயரோ சமயப் பெயரோ பெரும்பாலும் இடப்பட்டிருந்தது. வாயிலுக்கு அப்பால் கில்லா பந்தர் என்னும் மீனவர் குப்பம். கோலி மகளிர் மீன் உலர்த்திக்கொண்டிருந்தனர். அதன் மணம் காற்றில் வந்தவுடன், தூத்துக்குடிப் பக்கத்து அம்மையார் ஒருவர் கண்ணை மூடி நின்றுவிட்டார். 'எங்க ஊர் வந்திருச்சு' என்றார். கோட்டைக்குள் நின்ற பனைமரங்களைக் கண்டோ திருநெல்வேலிச் சீமையார் அனைவரும் சிறுபிள்ளைகள் ஆகிவிட்டனர். ஒரு பெரியவர் ஆண்பனை எது, பெண்பனை எது என்று இளைஞர்க்கு விளக்கத் தொடங்கி, போர்த்துக்கீசியரை அறவே மறந்துவிட்டார்.

புனித சூசையப்பர் பேராலயத்தின் கோபுரம் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது, கூரை இல்லை. சேசு சபையார் ஆலயத்தின் முகப்புத் தூண்கள் அழகியவை. கொன்சாலோ கார்சியா என்பவர் இந்நகரில் 1557ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியத் தந்தைக்கும் இந்நாட்டுத் தாய்க்கும் பிறந்தவர். ஜப்பானில் நாகசாகி நகரில் 1597ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் சிலுவையில் அறையப்பட்டார். 1862இல் புனிதர் பட்டம் பெற்ற அவரே இந்தியாவிற் பிறந்த முதற் புனிதர் என்பர். அவர் பெயரைச் சொன்னபோது வழிகாட்டியார் தலையை வணங்கினார். சிறிது தொலைவில் நாகேசர் கோயில் உண்டு. நம் தாய்மார் அங்கும் சென்று கைகூப்பி மீண்டனர்.

நகரம் வீழ்ந்த கதையை அவர் சிமாஜி அப்பாவின் சிலைக்கருகே நின்று கூறினார். முதலாம் பாஜிராவ் பேஷ்வாவின் இளவலாகிய சிமாஜி அப்பா, 1739ஆம் ஆண்டில் இக்கோட்டையை முற்றுகையிட்டார். முற்றுகை மாதக்கணக்கில் நீடித்தது. மதிலின் அடியிற் சுரங்கம் தோண்டி வெடிவைத்து வழி கண்டனர். இருபுறமும் மாண்டோர் பல்லாயிரவர். மே மாதத்தில் போர்த்துக்கீசியர் சரணடைந்தனர். வென்றவர் அவர்களை அவமதிக்கவில்லை. படைக்கலங்களுடன் முரசு முழங்க வெளியேற இசைந்தனர். ஆலய மணிகள் மட்டும் வெற்றிச் சின்னங்களாகச் சென்றன. அவற்றுள் ஒன்று நாசிக்கில் நாரோசங்கரர் கோயிலிலும் மற்றொன்று பீமாசங்கரத்திலும் இன்றும் தொங்குகின்றன. பீமாசங்கரத்துக்குச் சென்றோர் நம்முள் பலர் உளர். மணியைக் கண்டவர் எத்தனை பேர், அதில் சிலுவைக் குறி இருப்பதைக் கண்டவர் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை, நானே கண்டதில்லை.

இருநூற்றைந்து ஆண்டுகள் வாழ்ந்த ஒரு கூட்டம் ஒரே கோடையில் கப்பலேறிப் போய்விட்டது. பின்னர் மராத்தியர் ஆண்டனர், பின்னர் ஆங்கிலேயர். 1802ஆம் ஆண்டின் இறுதி நாளில் இரண்டாம் பாஜிராவ் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்து தம் உரிமையை இழந்ததும் இதே வசாயில்தான். அதன் பின்னர் மாளிகைகள் இருந்த இடத்தில் கரும்பு பயிரிட்டனராம். இன்று அரசமர வேர்கள் சுவர்களைத் தழுவி நிற்கின்றன. திருமணத்துக்கு முன் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் இணையர்கள் அவற்றின்மேல் சாய்ந்து நிற்கின்றனர்.

அன்பர்களே, நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

பிரான்சிஸ்கு சபையாரின் ஆலயத்துக்குள் சென்றோம். அதன் தரையெல்லாம் கல்லறைப் பலகைகள். குடும்பச் சின்னங்களும் எழுத்துக்களும் ஆழப் பொறிக்கப்பட்டவை. பலவற்றை மழை தேய்த்திருந்தது. சில நேற்றுப் பொறித்தன போலிருந்தன. மிதிக்காமல் நடக்க வழியில்லை. என் தாயார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

நம்மவர் ஒருவர் ஒரு கல்லைக் காட்டி, 'என்ன எழுதியிருக்கிறது?' என்று வழிகாட்டியாரைக் கேட்டார். அவர் குனிந்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார். படித்து முடித்துச் சிரித்தார். 'எழுத்து தெரிகிறது, ஆங்கில எழுத்துத்தானே. சொல்தான் தெரியாது. இவர்கள் கொடுத்த சமயம் எங்களிடம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. மொழி எங்களுக்கு எப்போதும் எங்கள் மொழியே' என்றார். அவர் இதனை வருத்தமாகச் சொல்லவில்லை. வருந்த அவருக்கு ஒன்றுமில்லை. அவர் மொழி அவர் வீட்டில் நன்றாகவே வாழ்கின்றது.

என் மகள் அதனைப் பாட்டிக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, 'அப்பா, தாத்தா கடிதம் எனக்கு இதற்கு நேர்மாறு. நீங்கள் படித்தால் எல்லாம் புரிகிறது. நானாகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை' என்றாள்.

இக்கடிதத்தைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். என் தந்தையார் எழுபதுகளில் தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் சேர்ந்தார். நான் பிறக்குமுன், ஊரில் இருந்த என் தாயார்க்கு அவர் எழுதிய கடிதங்கள் இருபதுக்கு மேல் உள்ளன. எல்லாம் நீலநிற உள்நாட்டுக் கடிதத்தாள். மழை, அறையில் பன்னிருவர் முறைவைத்து உறங்கும் வகை, மணியார்டரில் அனுப்பிய நாற்பது ரூபாய், இவைதாம் செய்திகள். அவர் மறைந்தபின் ஆண்டுதோறும் திதி நாளன்று இரும்புப் பெட்டியைத் திறந்து அவற்றுள் ஒன்றிரண்டை நான் உரக்கப் படிப்பது வழக்கம். மகள் கேட்டுச் சிரிப்பாள். சில இடங்களில் அழுவாள். ஆங்கிலவழிப் பள்ளியில் அவளைச் சேர்த்தது நான். ஞாயிறுதோறும் நம் சங்கத்தில் தமிழ் வகுப்பு நடைபெறுகின்றது என்பதை ஆறாண்டுகளாக அறிந்தவனும் நான். முறைப்பணி, தனிப்பயிற்சி, தேர்வு என்று ஒவ்வோராண்டும் ஒரு காரணம் சொன்னவனும் நானே. இம்மேடையில் அமர்ந்துள்ள வகுப்பாசிரியர் அவர்களுக்கு அக்காரணங்கள் அனைத்தும் மனப்பாடம்.

நான் விடைகூறுமுன் என் தாயார் சொன்னார்: 'எனக்கும் அப்படித்தானேடா. உங்கப்பா எழுதினதை எல்லாம் பக்கத்து வீட்டு வாத்தியார்தான் வாசிச்சுச் சொன்னார். எனக்கு எழுத்து சொல்லித்தர ஆளில்லே. இவளுக்கு என்ன கொறை?'

அவையோரே, என் தாயார் கையெழுத்திடத் தெரியாதவர் என்பதை நான் அறிவேன். அவர் படிக்காமற் போனது வறுமையால். என் மகள் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் எழுதுவாள். அவ்விருவரும் அன்று அக்கல்லறைகளின் நடுவே ஒரே வரிசையில் நின்றனர். எனக்கு வாய் எழவில்லை. சாப்பாட்டு நேரமாயிற்று என்று கூறி அனைவரையும் மரநிழலுக்கு அழைத்துச் சென்றேன்.

புளியோதரையும் தயிர்ச்சோறும் பங்கிட்டனர். அங்கே வழிகாட்டியார்தாம் மற்றொரு செய்தியைச் சொன்னார். இதே கொங்கணக் கரையில், தெற்கே ரேவ்தண்டாவுக்கு அருகில் கோர்லாய் என்றொரு சிற்றூர் உண்டு. சௌல் என்னும் போர்த்துக்கீசிய நகரத்தைச் சார்ந்தது அது. 1740இல் சௌலும் மராத்தியர் வசமாகிப் போர்த்துக்கீசியர் நீங்கினர். கோர்லாய் மக்கள் சிலர் நீங்கவில்லை. போர்த்துக்கீசியமும் மராத்தியும் கலந்து பிறந்த ஒரு மொழியை ஏறத்தாழ ஆயிரம் பேர் இன்றும் அங்கே வீட்டில் பேசுகின்றனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'நோ லிங்'. பொருள், 'நம் மொழி'. அரசு இல்லை, கப்பல் வருவதில்லை. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாகத் தாயும் பாட்டியும் பேசிப் பேசியே அது நிற்கின்றது. வசாயில் இத்துணைப் பெரிய கல்நகரம் நிற்கின்றது. அதன் மொழி பேச ஒருவரில்லை. கோர்லாயில் ஒரு மலைக்கோட்டையின் அடியில் குடிசைகளும் சிறு வீடுகளும், மொழி உள்ளது.

நம்முள் தமிழ் நன்கு கற்ற பெரியவர் ஒருவர் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். 'போர்த்துக்கீசியம் நம் வீட்டிலும் இருக்கிறதே!' என்று தொடங்கினார். அலமாரி, மேசை, சன்னல், சாவி, ஏலம், அன்னாசி, பாதிரி, மேஸ்திரி எல்லாம் அவர்கள் விட்டுச் சென்றவை என்றார். வழிகாட்டியாரும் விடவில்லை: மராத்தியிலும் சாவிக்குச் 'சாவி'தான், படாட்டாவும் பாவும் அவர்களுடையவை, ஆகவே வடாபாவில் பாதி போர்த்துக்கீசியம் என்றார். பிள்ளைகள் ஆரவாரித்தனர். பெரியவர் மேலும் கூறினார்: தமிழ்மொழியில் அமைந்த நூலொன்று முதன்முதலில் அச்சேறியது 1554இல், லிஸ்பன் நகரில், ஆனால் உரோமன் எழுத்தில். தமிழ் எழுத்திலேயே அச்சான நூல் கொல்லத்தில் 1578இல் வந்த 'தம்பிரான் வணக்கம்'. அதனைச் செய்தவர் அன்றீக்கு அன்றீக்கசு என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார். அவர் முத்துக்குளித்துறையில் வாழ்ந்து, நம் எழுத்தைத் தம் கையாற் கற்றவர்.

'போர்த்துக்கல்லிலிருந்து வந்தவர் கற்றாரா?' என்று என் மகள் கேட்டாள். அவள் யாரைப் பார்த்தும் கேட்கவில்லை. ஆயினும் நான் தயிர்ச்சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகலில் கொத்தளத்தின்மேல் ஏறிக் கடலைக் கண்டோம். வேறு விசேடம் இல்லை. இருவர் தொலைந்து போயினர்; கரும்புச்சாறு கடையில் கண்டுபிடிக்கப்பட்டனர். மாலை நான்கரை மணிக்கு வசாய் ரோட்டில் வண்டி ஏறினோம். தடப்பணி நீங்கிவிட்டதாதலின் வடாலாவிலும் தடையில்லை.

வடாலாவில் அமர இடம் கிடைத்தது. என் மகள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் கொடுத்து, 'ஒரு சொல் எழுதுங்கள்' என்றாள். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பகலிற் கேட்டது நினைவில் நிற்க, 'சாவி' என்று எழுதினேன். சகரத்தின் பக்கத்தில் நிற்கும் காலையும், வகரத்தின் தலையில் வளையும் விலங்கையும் காட்டினேன். மான்கூர்டு வருமுன் அவள் அதனை இருபது முறை எழுதிவிட்டாள். என் தாயார் அத்தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, 'அவரும் சாவின்னு எழுதியிருப்பாரேடா ஒரு கடுதாசியிலே. பெட்டிச் சாவியைப் பத்திரமா வையின்னு' என்றார்.

இரவு வீடு திரும்பியதும் உறங்கச் செல்லாமல் இரும்புப் பெட்டியைத் திறந்தோம். பதினோராவது கடிதத்தில், ஏழாம் வரியில், மகள்தான் அச்சொல்லைக் கண்டுபிடித்தாள். அவ்வரியில் மற்றச் சொற்கள் எவையும் அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு எனக்குப் பணி. மகளைத் தமிழ் வகுப்புக்குப் பாட்டியோடு அனுப்பினேன். கொண்டுவிட்டுத் திரும்பிவிடுவார் என்றே நினைத்தேன். பகல் ஒரு மணிக்குத் தொலைபேசியில் கேட்டபோது தெரிந்தது, அவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டாராம். ஆசிரியர் அவர்கள் அவர்க்கும் ஒரு சிலேட்டுக் கொடுத்தாராம்.